வலது பக்கம் இழுக்கிற கார்

என் கண்ணுக்கு,

நீ போன் செய்து இரண்டு மாதம் ஆகிறது. அம்மா பதில் சொல்லாமல் இருந்துவிட்டாள் என்று கோபித்துக்கொள்ளாதே. இந்த இரண்டு மாதமும் என் கையில் கிரீஸ் படிந்திருந்தது. கிரீஸ் கையோடு கடிதம் எழுதும் வழக்கம் எனக்கு இல்லை. இன்று காலை சோப்பும் எலுமிச்சையும் போட்டு நகக்கண் வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு, அப்பாவின் மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். ஜன்னலுக்கு வெளியே காப்பிச் செடிகள் பூத்து முடிந்து, பூக்கள் பழுப்பாகி உதிர்கின்றன. அந்த வாசனை உனக்கு ஞாபகம் இருக்கும். பம்பாயில் அது கிடைக்காது.

அன்றைக்கு லைனில் ஒரே இரைச்சல். நீ கத்திப் பேசினாய், நான் கத்திக் கேட்டேன். "அந்தக் காரைக் குடுத்துருங்கம்மா. பெங்களூர்ல பழைய கார் சேக்கறவர் ஒருத்தர் இருக்கார், மே மாசம் வந்து பாக்கறேன்னு சொல்லியிருக்கார். நேராவே போகாத வண்டியை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறீங்க? நீங்களும் இங்க வந்துருங்க" என்றாய். நான் "சரி, சரி" என்று சொல்லி ரிசீவரை வைத்துவிட்டேன். வைத்த பிறகுதான் எதற்குச் சரி சொன்னேன் என்று யோசித்தேன். காரை விற்பது பெரிய விஷயமில்லை. அப்பா போன பிறகு அது ஷெட்டில் துணி போர்த்திக்கொண்டு நிற்கிறது. ஜீப் ஓட்டுகிற மாணிக்கம்தான் இதையும் வாரம் ஒரு முறை ஸ்டார்ட் செய்து ஒண்டிக்கடை வரை கொண்டுபோய்த் திரும்புவான். ஆனால் "நேராவே போகாத வண்டி" என்று நீ சொன்னது என்னை விடவே இல்லை. சாப்பிடும்போதும் ஜெபமாலை சொல்லும்போதும் அந்த வார்த்தை வந்து குறுக்கே நின்றது. ஏனென்றால் அது நேராகப் போனதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நேராகப் போகாததையும் அதே கண்ணால் பார்த்திருக்கிறேன். இரண்டும் ஒரே நாளில், ஒரே ரோட்டில்.

இன்னொன்றும் உண்டு. நம் எஸ்டேட்டிலிருந்து ஒரு மூட்டை காப்பி வெளியே போனாலும் கறுப்புக் கொட்டை ஒன்றுகூடக் கலக்காமல் பொறுக்கி அனுப்புகிறவள் நான். குறையுள்ள சாமானை முன்பின் தெரியாத ஒருவர் தலையில் கட்டி அனுப்ப என்னால் முடியாது. விற்பதானால் சரி செய்துவிட்டு விற்பது என்று முடிவு செய்தேன். மறுநாள் காலையில் மாணிக்கத்தைக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் தலையைச் சொறிந்தான். "அம்மா, ஐயாவாலயே கண்டுபிடிக்க முடியாததுங்க அது" என்றான். "ஐயா அதில் தப்பே இல்லை என்றார். தப்பே இல்லை என்கிறவர் எப்படித் தேடியிருப்பார்?" என்றேன். "அதுவும் நெசந்தானுங்க" என்று ஷெட் கதவைத் திறக்கப் போனான்.

உனக்கு நினைவிருக்கிற அந்த வண்டி வேறு, எனக்கு நினைவிருக்கிறது வேறு. எழுபதுகளின் நடுவில், ஊரைவிட்டுப் போன ஒரு வெள்ளைக்கார எஸ்டேட்காரரிடம் அப்பா அதை வாங்கி வந்தபோது நீ பள்ளிக்கூட யூனிஃபார்மோடு ஓடிவந்து அதன் மூக்கைத் தொட்டுப் பார்த்தாய். கரும்பச்சை. இரண்டே பேர் உட்காரலாம். மேல்கூரையை மடித்து வைத்துக்கொள்ளலாம். பூமிக்கு அவ்வளவு கிட்டத்தில் உட்கார்ந்து போகிற வண்டியை இந்த மலையில் அதுவரை யாரும் பார்த்ததில்லை. அப்பாவின் உடம்பு உனக்குத் தெரியும். அவர் அதற்குள் நுழைவதே ஒரு காட்சி. முதலில் ஒரு கால், பிறகு இடுப்பு, பிறகு மூச்சைப் பிடித்துக்கொண்டு வயிறு. கிளியூரிலிருந்து காப்பிப் பழம் பறிக்க வருகிற பெண்கள் கூடையை இறக்கி வைத்துவிட்டு நின்று பார்ப்பார்கள். "ஐயா வண்டியில ஏறலீங்க புள்ளைகளா, வண்டியை மாட்டிக்கிறாருங்க" என்பான் மாணிக்கம், ஜீப்புக்குப் பின்னால் ஒளிந்துகொண்டு. அப்பா காதில் விழும். விழாதது மாதிரி கிளம்பிப் போவார்.

ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு மட்டும் என்னை ஏற்றிக்கொள்வார். நான் முக்காட்டைப் பிடித்துக்கொண்டு இடது பக்கம் உட்காருவேன். ஏரிக்கரையில் கொஞ்ச தூரம் ரோடு நேராக இருக்குமே, அங்கே வந்ததும் ஸ்டீரிங்கை லேசாக இடது பக்கம் பிடித்துக்கொண்டு சொல்வார்: "பாரு, நீ ஏறுனா மட்டும் இது மொரண்டு பண்ணுது. தனியா வந்தா நூல் புடிச்சாப்புல போகுது." "பொறாமை பிடித்த வண்டி. நீங்கள் ரோட்டைப் பாருங்கள்" என்பேன். வருஷக்கணக்காக இதே பேச்சு. என்னைச் சீண்டுவதற்காகச் சொல்கிறார் என்றுதான் நினைத்தேன். இந்தப் பேச்சை ஞாபகத்தில் வைத்துக்கொள். கடைசியில் தேவைப்படும்.

பிறகு அந்த நாள். நீ காலேஜ் முடித்து வந்து, அப்பாவிடம் மன்றாடி, ஆறு மாதம் ஜீப் ஓட்டிக் காட்டி, ஒருவழியாகக் கார் சாவியை வாங்கிய நாள். மலையில் கொண்டை ஊசி வளைவு அத்தனையிலும் நீ வண்டியை அழகாக இறக்கினாய். அப்பா உன் பக்கத்தில் இடது சீட்டில். நானும் மாணிக்கமும் பின்னால் ஜீப்பில். நம் மலையில் ஒரு வண்டி இழுக்கிறதா இல்லையா என்று யாருக்குமே தெரியாது, கண்ணு. ஏரிக்கரையில் அந்தக் கொஞ்ச தூரத்தைத் தவிர ஸ்டீரிங்கை நேராகப் பிடிக்கிற இடமே கிடையாது. ஒரு வளைவு முடியும் முன் அடுத்தது வந்துவிடும். அடிவாரம் தாண்டி, கோரிமேட்டுக்குப் போகிற நேர் ரோட்டில்தான் அது தன் குணத்தைக் காட்டியது. புளியமர நிழலில் நீ கையைக் கொஞ்சம் தளர்த்தியிருக்க வேண்டும். பச்சை வண்டி வலது பக்கமாக நகர ஆரம்பித்தது. ஏதோ ஒரு கை அதைத் தள்ளுவது போல நிதானமாக நகர்ந்தது. எதிரே சேலத்து பஸ். மாணிக்கம் ஹாரனை அழுத்திப் பிடித்தான். அப்பா எட்டி ஸ்டீரிங்கைத் திருப்புவது தெரிந்தது. பஸ் உரசாமல் போயிற்று. டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி, "ஏனுங்க, பொட்டப்புள்ள கையில பொம்மை காரைக் குடுத்துப் பழக்கறதுக்கு ரோடுதான் கெடச்சுதுங்களா?" என்று கத்திவிட்டுப் போனான்.

பஸ் உரசியிருந்தால்கூட அப்பாவுக்கு அவ்வளவு வலித்திருக்காது என்று நினைக்கிறேன். ஓரமாக நிறுத்தி நீங்கள் இருவரும் இறங்கி நின்றீர்கள். நான் ஜீப்பிலிருந்து ஓடிவந்தேன். "வண்டி இழுக்குதுப்பா. நான் ஒண்ணும் பண்ணல. அதுவே வலது பக்கம் போகுது" என்றாய். "என் கையில இழுக்கலையே" என்றார். "எனக்கு இழுத்துச்சு." "உனக்குப் புடிக்கத் தெரியல. அதைச் சொல்லு. வண்டி மேல பழி போடாத." நீ சாவியை பானெட் மேல் வைத்துவிட்டு ஜீப்பில் வந்து ஏறிக்கொண்டாய். அப்பா தனியாகக் காரை மாட்டிக்கொண்டு திருப்பினார். நாம் பின்னாலேயே போனோம். அதே ரோடு, அதே புளியமரங்கள். அப்பா வேண்டுமென்றே ஸ்டீரிங்கிலிருந்து இரண்டு கையையும் எடுத்து மேலே தூக்கிக் காட்டினார். மூடியில்லாத வண்டி, நன்றாகத் தெரிந்தது. கார் ஒரு அங்குலம்கூட விலகவில்லை. நூல் பிடித்த மாதிரி அடிவாரம் வரை போயிற்று. நீ அதைப் பார்த்தாய். நான் உன்னைப் பார்த்தேன். உன் முகத்தில் இருந்தது கோபமில்லை. நீயே உன்னைச் சந்தேகப்பட்டாய். நல்ல பிள்ளையின் முகத்தில் அதைப் பார்ப்பது எவ்வளவு கொடுமை என்று உனக்கு ஒரு குழந்தை பிறந்தால் தெரியும்.

அந்த ஆடி மாதமே பம்பாய் வேலைக்குச் சம்மதம் எழுதிவிட்டாய். கிறிஸ்துமஸுக்கு வந்தாய், போனாய். ஷெட் பக்கம் போகவில்லை. அப்பா உன் காது கேட்கும்படி "வண்டி சும்மாத்தான் நிக்குது" என்று இரண்டு மூன்று தடவை சொன்னதை நீ கவனித்தாயா, தெரியாது. எங்கள் தலைமுறை ஆண்கள் வேறு எப்படிக் கூப்பிடுவார்கள்? அவர் அடக்கத்துக்கு வந்து போனபின் நீ மலை ஏறவே இல்லை. வேலை, லீவு, டிக்கெட் என்று ஒவ்வொரு முறையும் ஒரு காரணம். எல்லாம் உண்மையான காரணங்கள்தான். எனக்குத் தெரியும்.

சரி, வேலைக்கு வருகிறேன். கான்வென்டில் எங்களுக்குத் தையல் எடுத்த சிஸ்டர், ஒரு கோடு கோணிவிட்டால் துணி முழுவதையும் பிரிக்க விட மாட்டார். கடைசித் தையலிலிருந்து ஒவ்வொன்றாகப் பின்னால் போகச் சொல்வார். இரண்டைச் சேர்த்துப் பிரித்தால் எது கோணியது என்று தெரியாமல் போகும் என்பார். காரையும் அப்படித்தான் பார்த்தேன். முதலில் காற்று. ஒரு டயரில் காற்று குறைந்தால் வண்டி அந்தப் பக்கம் இழுக்கும். இரண்டு முன் டயரிலும் ஒரே அளவு வைத்தோம். மாணிக்கம் அடிவாரம் வரை போய் வந்து, "வலதுதானுங்க" என்றான். அடுத்து முன் டயர் இரண்டையும் பக்கம் மாற்றிப் போட்டோம். குறை டயரில் இருந்தால் இழுப்பும் பக்கம் மாற வேண்டும். மாறவில்லை. அடுத்து பிரேக். சில வண்டியில் பிரேக் ஒரு பக்கம் மட்டும் விடாமல் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தச் சக்கரம் சூடாகும், வண்டி அந்தப் பக்கம் திரும்பும். பிரேக்கை மிதிக்காமல் ஓட்டி, தானாக நிற்கவிட்டு, இரண்டு சக்கரத்தின் நடுவிலும் கை வைத்துப் பார்க்கச் சொன்னேன். மாணிக்கம் குழந்தைக்குக் காய்ச்சல் பார்ப்பது போலப் புறங்கையை வைத்துப் பார்த்து, "ரெண்டு பேருக்கும் சொகந்தானுங்க அம்மா" என்றான். ஜாக்கி வைத்துத் தூக்கி, சக்கரத்தை மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பார்த்தோம். ஒரு ஆட்டமும் இல்லை. ரோட்டின் சாய்வோ என்றால், நம் ரோடுகள் நடுவில் உயர்ந்து ஓரத்தில் தாழ்ந்திருக்கும். இடது ஓரமாகப் போகிற வண்டி இடது பக்கம்தான் சரியும். இது மேட்டை நோக்கி ஏறுகிறது. அப்படியானால் குறை வண்டியில்தான்.

மிச்சம் இருந்தது முன் சக்கரங்களின் சாய்வு. ஒரு நாணயத்தைத் தரையில் உருட்டிவிட்டுப் பார், அது எந்தப் பக்கம் சாய்கிறதோ அந்தப் பக்கமே வளைந்து போகும். கார் சக்கரமும் அப்படித்தான். இரண்டு முன் சக்கரமும் ஒன்றுபோல நின்றால் ஒன்றை மற்றது பிடித்துக்கொள்ளும், வண்டி நேராகப் போகும். வலது சக்கரத்தின் தலை மட்டும் வெளியே சாய்ந்தால் வண்டி வலது பக்கம் போகும். இந்த வண்டியில் சக்கரத்தைத் தாங்குகிற இடத்தில் மெல்லிய இரும்புத் தகடுகளைச் சொருகியோ எடுத்தோ அந்தச் சாய்வை மாற்றலாம். உன் அப்பா வருஷா வருஷம் செய்தது அதைத்தான். உனக்கு மறந்திருக்காது. கடைசிக் காப்பியும் காய்ந்து மூட்டை கட்டிய மறுநாள், காப்பிக் களத்தைக் கூட்டச் சொல்லி, காரைக் கொண்டுவந்து குடோனைப் பார்த்த மாதிரி நிறுத்துவார். கொத்தனாரின் தூக்குக் குண்டைச் சக்கரத்துக்குப் பக்கத்தில் தொங்கவிட்டு அளப்பார். மலையிலேயே சமதளமாக இருக்கிற ஒரே சிமெண்டுத் தரை நம் களம்தான் என்பார். வேலைக்காரர்கள் அத்தனை பேரும் சுற்றி நிற்பார்கள். அவருக்கு அது ஒரு திருவிழா.

நானும் மாணிக்கமும் அதே இடத்தில், அதே மாதிரி நிறுத்தி அளந்தோம். மூக்குக் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தேன். இரண்டு சக்கரமும் நூலோடு நூலாக நின்றன. எனக்கு வந்த கோபத்தில் தூக்குக் குண்டை வீசி எறிந்துவிட்டேன். அளவு சரி. வண்டி தப்பு. "வுட்டுருங்கம்மா. வயசான வண்டிங்க. நமக்கு முழங்கால் புடிக்கறாப்புல அதுக்கும் என்னமோ ஒண்ணு" என்றான் மாணிக்கம். "என் முழங்காலைப் பற்றி நீ பேசாதே" என்று சொல்லிவிட்டு வீட்டுக்குள் போனேன். காரைக் களத்திலேயே விட்டுவிட்டோம்.

மார்ச் கடைசியில், காப்பி பூப்பதற்குக் காத்திருக்கிற பூ மழை வந்தது. பிற்பகலில், ஒரு அரைமணி நேரம், சுத்தமான மழை. வராந்தாவில் நின்று களத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தண்ணீர் ஒரு இடத்திலும் தேங்கவில்லை. காருக்கு அடியில் புகுந்து, வலது சக்கரத்திலிருந்து இடது சக்கரத்தைப் பார்த்து ஓடி, பள்ளத்து மூலையில் இருக்கிற வாய்க்காலில் போய் விழுந்தது. நான் பார்த்துக்கொண்டே நின்றேன். களம் போட்டபோது அப்பா கொத்தனாரைப் படுத்திய பாடு காதில் கேட்டது. "தண்ணி ஒரு நிமிசம் நிக்கக் கூடாது. நின்னா காப்பி பூசணம் பூத்துரும். கண்ணுக்குத் தெரியாத வாட்டம் குடுக்கோணும், மேஸ்திரி. கண்ணுக்குத் தெரிஞ்சா கொட்டை உருளும், தெரியாட்டி தண்ணி மட்டும் ஓடும்." கொத்தனாரும் அப்படியே போட்டார். கண்ணுக்குத் தெரியவில்லை. அதைப் போடச் சொன்னவர் கண்ணுக்கே தெரியவில்லை!

குடை எடுக்காமல் களத்தில் இறங்கிவிட்டேன். நனைந்துகொண்டு சிரித்தேன். மாணிக்கம் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஓடிவந்தான். "அம்மா, என்னாச்சுங்க?" "மாணிக்கம், தரை கோணல்!" "தரையா?" "தரை. இத்தனை வருஷமாக நாம் வண்டியைக் குறை சொன்னோம்." அவன் தண்ணீர் ஓடுவதைப் பார்த்தான். பிறகு குடோனைப் பார்த்தான், காரைப் பார்த்தான். "அட சாமி" என்று தலையில் கை வைத்துக்கொண்டான். மழை விட்டதும் காரை அப்படியே திருப்பி, பின்பக்கம் குடோனைப் பார்க்க நிறுத்தி மறுபடி அளந்தோம். முன்பு அளந்தபோது நேராக நின்ற சக்கரங்கள் இரண்டும் இப்போது கோணி நின்றன. அவ்வளவுதான் நிரூபணம். இடது பக்கம் சரிந்த தரையில் நிறுத்தி, சக்கரத்தைத் தூக்குக் குண்டுக்கு நேராக்க நேராக்க, அவர் ஒவ்வொரு வருஷமும் தன் கையாலேயே வலது சக்கரத்தை வெளியே சாய்த்துக்கொண்டிருந்தார். நீ அன்றைக்குச் சொன்னது சரி. வண்டி இழுத்தது. நீ ஒன்றும் செய்யவில்லை. இதை எழுத எனக்கு இத்தனை வருஷம் தேவைப்பட்டது.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் நன்றாக வந்திருக்க வேண்டும். வரவில்லை. அவர் கையை மேலே தூக்கிக் காட்டிக்கொண்டு நேராகப் போனாரே, அதை என்ன செய்வது? மனுஷர் கோபக்காரர், பிடிவாதக்காரர், ஆனால் ஏமாற்றுக்காரர் இல்லை. முழங்காலால் ஸ்டீரிங்கைப் பிடித்திருப்பாரோ என்றுகூட ஒரு நிமிஷம் நினைத்தேன். அந்த வயிற்றை வைத்துக்கொண்டு முழங்காலை எங்கே தூக்குவது? யோசித்துக்கொண்டே இருந்தபோதுதான் அந்தப் பூசைப் பேச்சு திரும்பி வந்தது. நீ ஏறுனா மட்டும் இது மொரண்டு பண்ணுது.

நம்முடையது சின்ன வண்டி, கண்ணு. ஜீப்பில் பத்துப் பேர் ஏறினாலும் அதற்குக் கவலையில்லை. இதில் ஒரு ஆள் உட்கார்ந்தாலே அந்தப் பக்கம் தாழும். அப்பா வலது பக்கம் உட்கார்ந்ததும் வலது ஸ்பிரிங் அமுங்கி, வெளியே சாய்ந்திருந்த வலது சக்கரத்தின் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளும். களத்தின் கோணலை அவருடைய எடை சரிக்கட்டிவிடும். தனியாகப் போகும்போது மட்டும். நான் இடது பக்கம் ஏறினால் அந்தச் சரிக்கட்டல் கொஞ்சம் கெடும். அன்றைக்கு என்ன நடந்தது என்று பார். வலது பக்கம் கொடி மாதிரி நீ. இடது பக்கம் அவர், அத்தனை உடம்போடு. அந்த வண்டி இழுக்கக்கூடிய மட்டுக்கும் இழுத்திருக்கும். இழுத்தது அவரே. திரும்பி வரும்போது தனியாக ஏறினார், அது நேராகிவிட்டது. நீங்கள் இரண்டு பேரும் உண்மையைத்தான் சொன்னீர்கள். பொய் சொன்னது நம் காப்பிக் களம்.

இது என் யோசனை மட்டும்தான். பார்க்காமல் உனக்கு எழுத மாட்டேன். ஒவ்வொரு அறுவடை தொடங்கும்போதும் தராசு சரியா என்று பார்க்க அப்பா அதில் ஏறி நிற்பாரே, அதனால் அவர் எடை இந்த எஸ்டேட்டில் எல்லோருக்கும் தெரியும். மாணிக்கத்தைத் தராசில் ஏற்றினேன். குறைந்ததைக் காப்பிக் கொட்டையாகச் சாக்கில் போட்டுக் கட்டி, டிரைவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கிற இடத்தில் வைத்தோம். இரண்டு பேரும் சேர்ந்தால் உன் அப்பா. வெள்ளக்கடைப் பக்கத்திலிருந்து வந்த ஒரு பையன் மோட்டார் சைக்கிளை நிறுத்தி, "அம்மா, காப்பியைக் கார்ல வெச்சுத் தாலாட்டப் போறீங்களா?" என்று கேட்டுவிட்டுப் போனான். அடிவாரம் வரை நான் பஸ்ஸில் போனேன். நான் காரில் ஏறினால் கணக்குக் கெட்டுவிடும் இல்லையா?

புளியமரத்தடியில் நின்றேன். மாணிக்கம் முதலில் மூட்டையை இறக்கி என்னிடம் விட்டுவிட்டு ஒரு முறை போய் வந்தான். கையைத் தளர்த்தியதும் வண்டி வலது பக்கம் நகர்ந்தது, நீ ஓட்டியபோது நகர்ந்த மாதிரியே. பிறகு மூட்டையை ஏற்றிக்கொண்டு கோரிமேட்டுப் பக்கம் போய்த் திரும்பி வந்தான். தூரத்தில் பச்சைப் புள்ளியாகத் தெரிந்தது. பிறகு முகப்பு தெரிந்தது. மாணிக்கம் இரண்டு கையையும் மேலே தூக்கியிருந்தான். என்னிடம் காட்டுவதற்காகத்தான் தூக்கினான், அவனுக்கு வேறு எண்ணம் இல்லை. வண்டி வலது பக்கம் கொஞ்சம் தாழ்ந்திருந்தது, அவர் இருக்கும்போது எப்போதும் தாழ்ந்திருந்த மாதிரி. ரோட்டில் கோடு போட்டது போல நேராக வந்தது. என்னைத் தாண்டிப் போகும்போது காற்று முகத்தில் அடித்தது. நான் ரோட்டோரத்தில் ஒரு கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மாணிக்கம் திரும்பி வந்து, "பாத்தீங்களாம்மா? ஐயா சொன்னது நெசம்! நெசமுங்க!" என்று கத்திக்கொண்டு இறங்கினான். என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். "ஊட்டுக்குப் போலாமுங்களா?" என்று மெதுவாகக் கேட்டான். நான் மூட்டையை அங்கேயே இறக்க விடவில்லை. அது காரிலேயே மலையேறி வந்தது. நான் பின்னால் பஸ்ஸில் வந்தேன்.

அவர் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று யோசித்துப் பார்க்கிறேன். முதலில் ஒத்துக்கொள்ள மாட்டார். ரசமட்டத்தை எடுத்துக்கொண்டு களத்துக்குப் போவார். அதன் குமிழி ஓடுவதைப் பார்ப்பார். பிறகு சாப்பிடும்போது, யாரையும் பார்க்காமல், "புள்ளைக்கு ஒரு ட்ரங்க் கால் போடு" என்பார். இதை நான் உனக்கு ஆறுதலுக்காக எழுதவில்லை. அந்த மனுஷரோடு குடித்தனம் செய்தவள், எனக்குத் தெரியும். உனக்கும் அவருக்கும் ஒரே குணம். சரியாக இருக்கிறவர்கள் இரண்டு பேர் எதிரெதிரே நின்றுவிட்டால் விட்டுக்கொடுக்க ஆளே இருக்காது. நாளைக்கு உன் வீட்டிலும் அப்படி ஒரு நாள் வரும். அப்போது ஒருவர் கையை ஒருவர் குறை சொல்வதை விட்டுவிட்டு, நிற்கிற தரையை ஒரு முறை குனிந்து பார்.

இப்போது கார் களத்தில் நிற்கிறது. தாழ்ந்த பக்கத்துச் சக்கரங்களுக்கு அடியில் பலகை கொடுத்து, ரசமட்டம் வைத்து, தரையைச் சமமாக்கிவிட்டோம். பழைய தகடுகள் அத்தனையையும் கழற்றிச் சுத்தம் செய்து துணியில் பரப்பி வைத்திருக்கிறேன். புதிதாக அளந்து சொருக வேண்டியதுதான் பாக்கி. அங்கேதான் மாணிக்கம் ஒரு கேள்வி கேட்டான். "யாரு எடைக்குங்க அம்மா வெக்கறது? இந்த வண்டிக்கு ஆள் உக்காந்து அளக்கோணுமே. பெங்களூர்க்காரர் குண்டா, ஒல்லியா?" எனக்கு அவரைத் தெரியாது. அவருக்கு ஒரு கார்டு எழுதினேன். வர வேண்டாம் என்று எழுதவில்லை. வண்டி தகடு கழற்றி நிற்கிறது என்று எழுதினேன். அது உண்மை.

பம்பாய்க்கு நான் வருவதைப் பற்றிப் பிறகு பேசலாம். கார் விஷயத்தில் உன் பேச்சை மீறுவதாக நினைக்காதே. நீ வந்து, சீட்டில் உட்கார்ந்து, உன் எடைக்குத் தகடு போட்டு, அடிவாரத்து நேர் ரோட்டில் உன் கையால் ஒரு முறை ஓட்டிப் பார். இடது பக்கம் யாரும் உட்கார மாட்டோம். நான் புளியமரத்தடியில் நிற்கிறேன். அதற்குப் பிறகும் விற்கச் சொன்னால், சாவியை நானே துடைத்து அந்த பெங்களூர்க்காரர் கையில் கொடுப்பேன். ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஜூனில் பெருமழை பிடித்துவிட்டால் களத்தில் வேலை செய்ய முடியாது, அதற்குள் வா.

நேற்று மாணிக்கம் ஒரு யோசனை சொன்னான். "பாப்பா எத்தனை கிலோன்னு போன்ல கேட்டுட்டாப் போதுமுங்களே. அத்தனை காப்பியைச் சாக்குல கட்டி உக்கார வெச்சுரலாம்." புத்திசாலித்தனமான யோசனைதான். நடக்கும். ஆனால் நான் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு அப்படி வைத்தேன், வேறு வழி இல்லை. இருக்கிறவளுக்கு மூட்டை வைக்க மாட்டேன்.

சீட்டைத் துடைத்து வைத்திருக்கிறேன்.

அம்மா